திருச்சிக் கோட்டைக்குச் சோறு போட்ட புதுக்கோட்டை மன்னர்

அது 1753-ம் ஆண்டு.

திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றிப் பகைவர்கள் கூடாரம் அடித்துத் தங்கி இருந்தார்கள். ஊருக்குள் போகும் வழிகள் அடைபட்டுக் கிடந்தன. வெளியே பிரெஞ்சுக்காரர்களின் பீரங்கிகள். அவர்களோடு மைசூர்க் குதிரைப்படை.

கோட்டைக்குள் இருந்தவர்கள் ஆற்காட்டு நவாபு முகமது அலியின் ஆட்களும், அவருக்குத் துணையாக வந்த ஆங்கிலேயப் படையினரும். அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. வெடிமருந்து இருந்தது. ஆனால் சமைப்பதற்கு அரிசி இல்லை.

அந்த நேரத்தில், தெற்கே இருந்த காட்டு வழியாக மாடுகள் வந்தன. அவற்றின் முதுகில் தானிய மூட்டைகள் இருந்தன. கோட்டைக்குள் மீண்டும் அடுப்பு எரிந்தது.

அந்த மூட்டைகள் வந்தது புதுக்கோட்டைச் சீமையிலிருந்து. அந்தச் சீமையை ஆண்டவர், விஜயரகுநாத ராய தொண்டைமான்.

சின்ன நாட்டின் மன்னர் அவர். பெரிய கோட்டையோ, பெரிய பீரங்கியோ அவரிடம் இல்லை. ஆனாலும் தென்னாட்டை ஆளப்போவது யார் என்ற போட்டியில், அவர் அனுப்பிய தானியம் பீரங்கியைவிடப் பெரிய வேலை செய்தது.

பாட்டனார் தேடிய நாடு

புதுக்கோட்டை அரசைத் தொடங்கி வைத்தவர் ரகுநாதராய தொண்டைமான். இவருடைய சகோதரி காதலி நாச்சியார். ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி அவரை மணந்தார். 1686-ம் ஆண்டை ஒட்டி ரகுநாதராயர் புதுக்கோட்டைச் சீமையை ஆளத் தொடங்கினார்.

ரகுநாதராயரின் மூத்த மகன் திருமலைராய தொண்டைமான். அவருடைய மகன்தான் விஜயரகுநாதர். ஆக, நாட்டைத் தொடங்கியவருக்கு இவர் பேரன்.

1730-ம் ஆண்டு பாட்டனார் காலமானார். அரச குடும்பத்தில் வாரிசுப் பிணக்கு எழுந்தது. முடிவில் பேரனுக்கே அரசுரிமை கிடைத்தது. குடுமியான்மலைக் கோவிலில் அவருக்கு முடிசூட்டு விழா நடந்தது. பழைய இசைக் கல்வெட்டினால் பேர் பெற்ற அதே குடுமியான்மலைதான்.

முடி சூடியபோது அவர் இளைஞர். சுற்றிலும் இருந்தவர்களோ பெரிய கைகள். வடக்கே திருச்சியில் நாயக்கர் ஆட்சி முடியும் தறுவாயில் இருந்தது. கிழக்கே தஞ்சாவூரில் மராத்திய மன்னர்கள். தெற்கே சேதுபதியின் சீமை. நடுவில் சிறிய புதுக்கோட்டை.

திருமய முற்றுகை

பட்டத்துக்கு வந்து சில ஆண்டுகளுக்குள் முதல் சோதனை வந்துவிட்டது.

1733-ம் ஆண்டு வாக்கில் தஞ்சாவூர்ப் படை புதுக்கோட்டைச் சீமைக்குள் புகுந்தது. அதற்குத் தலைவர் ஆனந்தராவ். அந்தப் படையைத் திறந்த வெளியில் நின்று தடுக்கும் பலம் தொண்டைமானிடம் இல்லை. ஊர்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின.

இளம் மன்னர் திருமயம் கோட்டைக்குள் போய்ப் புகுந்துகொண்டார். பாறை மேல் கட்டிய கோட்டை அது. சேதுபதி காலத்தில் கட்டப்பட்டது. ஏறுவது கடினம். உள்ளே இருப்பவர்களை வெளியே இழுப்பது அதைவிடக் கடினம்.

தஞ்சைப் படை கோட்டையை வளைத்துக்கொண்டது. சீமை முழுவதும் பகைவர் கையில். திருமயம் மட்டும் தொண்டைமான் கையில். தஞ்சைப் படை எவ்வளவோ முயன்றும் கோட்டை பணியவில்லை. கடைசியில் அது திரும்பிப் போயிற்று.

முற்றுகை என்றால் என்ன என்பதை மன்னர் அங்கே நேரில் கண்டார். முற்றுகைக்கு உள்ளானவர்களுக்கு வாளைவிட முக்கியம், குதிரில் இருக்கும் தானியம். சுமார் 20 ஆண்டுகளுக்குப் பிறகு திருச்சி முற்றுகையில் தானியமே பெரிய ஆயுதம் ஆயிற்று. அப்போது புதுக்கோட்டையை ஆண்டவர், முற்றுகையின் கஷ்டத்தைத் தாமே அனுபவித்த இந்த மன்னர்தான்.

மணலில் எழுதிய மந்திரம்

இந்த மன்னரைப் பற்றிப் புதுக்கோட்டை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் கதை ஒன்று உண்டு.

திருவரங்குளம் காட்டுப் பகுதியில் ஒரு துறவி சுற்றித் திரிந்தார். அவர்தான் சதாசிவ பிரம்மேந்திரர். யாரோடும் பேசாமல் மௌன விரதம் பூண்டவர். கரூருக்குப் பக்கத்தில் நெரூரில் அவருடைய சமாதி இன்றும் இருக்கிறது.

1738-ம் ஆண்டு தொண்டைமான் அவரைச் சந்தித்து உபதேசம் கேட்டார். துறவியோ வாய் திறக்கவில்லை. கீழே இருந்த மணலில் விரலால் மந்திரம் எழுதிக் காட்டினார். பிறகு, கோபாலகிருஷ்ண சாஸ்திரி என்ற பண்டிதரைக் குருவாகக் கொள்ளும்படி மன்னருக்கு வழி காட்டினார்.

மன்னர் அந்த மணலை அப்படியே அள்ளித் தம் வஸ்திரத்தில் முடிந்துகொண்டு வந்தார் என்பது ஐதீகம். அரண்மனையில் அந்த மணலுக்குப் பூஜை நடந்து வந்தது.

புதுக்கோட்டையில் நவராத்திரி விழா சிறப்பாக நடக்கத் தொடங்கியதும் இந்தச் சந்திப்புக்குப் பிறகுதான் என்பார்கள். விழா நாட்களில் ஏழைகளுக்கு அரிசி வழங்குவார்கள். அதோடு ஒரு சின்னச் செப்புக் காசும் கொடுப்பார்கள். அதற்கு அம்மன் காசு என்று பேர்.

காசின் ஒரு பக்கத்தில் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் உருவம் இருக்கும். மறுபக்கத்தில் விஜய என்ற சொல் தெலுங்கு எழுத்தில் இருக்கும். அரைக்காசு அம்மன் என்று அந்தத் தேவிக்கு ஒரு பேர் வந்ததும் இந்தக் காசினால்தான். வீட்டில் ஏதாவது ஒரு பொருள் காணாமல் போனால், அரைக்காசு அம்மனை வேண்டிக்கொண்டு தேடும் வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் உண்டு.

வியாபாரிகள் போட்ட சண்டை

மன்னர் இப்படி நாட்டை ஆண்டு வந்த காலத்தில், கடற்கரையில் வேறொரு கூத்து நடந்து கொண்டிருந்தது.

1639-ம் ஆண்டு ஆங்கிலேய வியாபாரிகள் சென்னையில் கொஞ்சம் இடம் வாங்கினார்கள். அங்கே செயிண்ட் ஜார்ஜ் கோட்டையைக் கட்டினார்கள். துணி வாங்கிக் கப்பலில் ஏற்றுவதுதான் அவர்கள் தொழில். கிழக்கிந்தியக் கம்பெனி என்பது அவர்கள் சங்கத்தின் பேர். நம் ஊர் மக்கள் அதைக் கும்பினி என்றார்கள்.

பிரெஞ்சுக்காரர்களும் அதே போல் வியாபாரத்துக்கு வந்தவர்கள். அவர்களுடைய ஊர் புதுச்சேரி. அங்கே கவர்னராக இருந்தவர் டூப்ளே. மகா கெட்டிக்காரர்.

ஐரோப்பாவில் இரண்டு நாடுகளுக்கும் சண்டை மூண்டது. அந்தச் சண்டை இங்கேயும் வந்தது. 1746-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர்கள் கடலூருக்குப் பக்கத்தில் இருந்த செயிண்ட் டேவிட் கோட்டையில் ஒண்டிக் கிடந்தார்கள். 1749-ல்தான் சென்னை அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

தங்கள் கோட்டையையே காப்பாற்றிக்கொள்ள முடியாதவர்கள் அவர்கள். பிற்காலத்தில் இந்தியாவையே ஆளப்போகிறவர்கள் இவர்கள்தான் என்று அன்றைக்கு யார் நினைத்திருக்க முடியும்?

அந்த 1749-ம் ஆண்டிலேயே ஆற்காட்டு நவாபு பதவிக்குப் போட்டி வந்தது. சந்தா சாகிப் ஒரு பக்கம். அவருக்கு டூப்ளே துணை. ஆகஸ்ட் மாதம் ஆம்பூரில் நடந்த சண்டையில் நவாபு அன்வாருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி தப்பி ஓடித் திருச்சிக் கோட்டைக்குள் புகுந்தார். ஆங்கிலேயர்கள் அவருக்குத் துணை என்று கிளம்பினார்கள்.

யார் பக்கம் சேர்வது?

1751-ம் ஆண்டு சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் திருச்சியை முற்றுகை இட்டார்கள். முகமது அலியின் கையில் திருச்சியைத் தவிரப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

சுற்றி இருந்த மன்னர்களும் பாளையக்காரர்களும் யோசித்தார்கள். ஜெயிக்கிற பக்கம் சேர்ந்தால் நாடு தப்பும். தோற்கிற பக்கம் சேர்ந்தால் நாடு போகும். அன்றைய நிலையில் ஜெயிப்பவராகத் தெரிந்தவர் சந்தா சாகிப்தான்.

புதுக்கோட்டை, திருச்சிக்குத் தெற்கே சுமார் 33 மைல் தூரத்தில் இருக்கிறது. இடையே அந்த நாளில் அடர்ந்த காடு. திருச்சி யார் கைக்குப் போனாலும், அதன் சூடு முதலில் படுவது புதுக்கோட்டையின் மேல்தான். ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கத் தொண்டைமானால் முடியாது.

அவர் முகமது அலியின் பக்கம் சேர்ந்தார். முகமது அலியோடு இருந்தவர்கள் ஆங்கிலேயர்கள். ஆகவே ஆங்கிலேயருக்கும் நண்பர் ஆனார்.

இளைத்தவன் பக்கம் போய் நிற்பது பெரிய துணிச்சல். தோற்றிருந்தால் புதுக்கோட்டை என்ற அரசே இருந்திருக்காது.

வேலும் வளரியும்

இதற்குள் ராபர்ட் கிளைவ் என்ற ஆங்கிலேய இளைஞர் ஆற்காட்டைப் பிடித்து, பகைவர்களின் கவனத்தை அங்கே திருப்பினார். காற்று கொஞ்சம் மாறியது. மைசூரும் தஞ்சாவூரும் முகமது அலிக்கு உதவ முன்வந்தன.

1752-ம் ஆண்டு தொண்டைமானின் படையும் திருச்சிக்கு வந்தது. 400 குதிரை வீரர்கள். 3,000 காலாட்கள். காலாட்கள் கள்ளர் குலத்து வீரர்கள்.

நீண்ட வேல் அவர்களுடைய ஆயுதம். வளரி வீசுவதிலும் அவர்கள் கைதேர்ந்தவர்கள். பிறைபோல் வளைந்த ஆயுதம் வளரி. சுழற்றி எறிந்தால் ஓடுகிறவனின் காலை வாரிவிடும். காட்டு வழிகள் அவர்களுக்கு அத்துபடி. இருட்டில் ஓசைப்படாமல் போய் வருவதில் அவர்களுக்கு நிகர் இல்லை.

அந்த ஆண்டு ஜூன் மாதம் ஸ்ரீரங்கத்தில் அகப்பட்டுக்கொண்ட பிரெஞ்சுப் படை சரண் அடைந்தது. சந்தா சாகிப் தஞ்சாவூர்த் தளபதி மானோஜியின் கையில் சிக்கினார். அவர் தலை வெட்டப்பட்டது.

சண்டை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது.

மூக்கை அறுத்தார்கள்

உதவிக்கு வந்த மைசூராருக்கு முகமது அலி ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஜெயித்தால் திருச்சியைத் தந்துவிடுவதாகச் சொல்லி இருந்தார். ஜெயித்த பிறகு கொடுக்க மறுத்தார்.

மைசூரின் தளவாய் நஞ்சராஜ் கோபம் கொண்டார். பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். மராத்தியத் தலைவர் முராரிராவும் அவர்கள் பக்கம் போனார். திருச்சிக்கு மறுபடியும் முற்றுகை.

இந்தத் தடவை அவர்கள் கோட்டைச் சுவரை இடிப்பதைவிட, உள்ளே இருப்பவர்களின் வயிற்றில் அடிக்கவே திட்டம் போட்டார்கள். மைசூர்க் குதிரை வீரர்கள் ஊரைச் சுற்றி ரோந்து வந்தார்கள். கோட்டைக்குத் தானியம் கொண்டுபோகிறவர்கள் பிடிபட்டால், அவர்களுடைய மூக்கை அறுத்து அனுப்பினார்கள்.

அதைக் கேட்ட வியாபாரிகள் நடுங்கினார்கள். வண்டிகள் நின்றன. சந்தை நின்றது. பட்டினிக்குப் பயந்து ஊர் மக்கள் கூட்டம் கூட்டமாகத் திருச்சியை விட்டு வெளியேறினார்கள்.

காலியான களஞ்சியம்

கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயப் படைக்கு டால்டன் என்பவர் தலைவர். களஞ்சியத்தின் பொறுப்பு நவாபின் மைத்துனரிடம் இருந்தது. தானியம் நிறைய இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

1753-ம் ஆண்டு டால்டன் தாமே போய்ப் பார்த்தார். களஞ்சியம் ஏறத்தாழக் காலி. தானியத்தை விற்றுப் பணமாக்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது சில வாரங்களுக்கே போதும்.

செய்தி கிடைத்ததும் ஆங்கிலேயத் தளபதி லாரன்ஸ் கடலூர்ப் பக்கத்திலிருந்து விரைந்து வந்தார். மே மாதம் திருச்சியை அடைந்தார். ஜூன் 26-ந்தேதி பொன்மலையில் கடும் சண்டை நடந்தது. பெரும் படையை லாரன்ஸின் சிறு படை ஓட ஓட விரட்டியது.

ஆனால் சண்டையில் ஜெயித்தால் மட்டும் வயிறு நிறைந்துவிடுமா? பகைவர்கள் பின்வாங்கினார்கள். மறுபடியும் வந்து வழியை அடைத்தார்கள். வெற்றி பெற்றவர்கள் பசியோடு இருந்தார்கள்.

காட்டு வழி

தானியம் வரக்கூடிய திசைகள் இரண்டு. ஒன்று தஞ்சாவூர். இன்னொன்று புதுக்கோட்டை.

தஞ்சாவூர் காவிரி பாயும் பூமி. நெல்லுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் தஞ்சை மன்னர் தயங்கித் தயங்கி நின்றார்.

புதுக்கோட்டை வானம் பார்த்த சீமை. ஆறு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மழை நீரைத் தேக்கி வைக்கும் குளங்களும் கண்மாய்களும்தான் சோறு போட வேண்டும். அப்படிப்பட்ட பூமியிலிருந்து தானியம் திருச்சிக்குப் போனது.

காட்டுக்குள் இருந்த கிள்ளனூரில் மூட்டைகளைச் சேர்த்து வைத்தார்கள். அங்கே சிப்பாய்கள் காவல் இருந்தார்கள். கோட்டையிலிருந்து துணைக்குப் படை புறப்பட்டு வரும். மூட்டைகளை மாடுகளின் மேல் ஏற்றுவார்கள். இருட்டில் காட்டின் விளிம்பு வரை வருவார்கள். அதற்கு மேல் வெட்டவெளி. அதைக் கடப்பதுதான் ஆபத்து.

1754 பிப்ரவரி மாதம் பெரும் விபரீதம் ஒன்று நடந்தது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கமிருந்து வந்த தானிய வரிசையைப் பகைவர்கள் வழிமறித்தார்கள். துணைக்கு வந்த ஆங்கிலேயரின் சிறந்த படைப்பிரிவு அழிந்தது. மூட்டைகள் பறிபோயின.

அதற்குப் பிறகு தஞ்சாவூர் வழியை நம்ப முடியவில்லை. திருச்சிக்கு மிஞ்சிய ஒரே வழி தொண்டைமான் காடு.

மே மாதம் 12-ந்தேதி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து வரும் மூட்டைகளை அழைத்துவர ஒரு சிறு படை கிளம்பியது. பகைவர்கள் பெரும் பலத்தோடு அதை மறித்தார்கள். லாரன்ஸ் அப்போது நோயாகக் கிடந்தார். காலியோ என்ற கேப்டன் படையை நடத்தினார். நீண்ட சண்டைக்குப் பிறகு பகைவர்கள் பின்வாங்கினார்கள். திருச்சி பிழைத்தது.

எரிந்த கிராமங்கள்

திருச்சிக்கு உயிர் கொடுப்பது யார் என்பது பிரெஞ்சுக்காரர்களுக்கும் மைசூராருக்கும் நன்றாகத் தெரிந்துவிட்டது. அந்த வேரை வெட்ட முடிவு செய்தார்கள். படையைத் தொண்டைமான் சீமைக்குள் திருப்பினார்கள்.

படை வருகிறது என்ற செய்தி முன்னால் ஓடியது. கிராம மக்கள் வீடு வாசலை விட்டார்கள். ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு அடர்ந்த காட்டுக்குள் போய் மறைந்தார்கள்.

வந்தவர்கள் கண்டது வெறும் ஊர்கள். அடுப்பில் நெருப்பு இல்லை. தொழுவத்தில் மாடு இல்லை. ஆத்திரத்தில் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள்.

எரிந்தது ஆங்கிலேயன் வீடு அல்ல. ஆற்காட்டு நவாபின் மாளிகையும் அல்ல. நாற்றும் கதிரும் தவிர வேறு அறியாத குடியானவனின் கூரை எரிந்தது. மன்னர் எடுத்த முடிவுக்கு அவன் கொடுத்த விலை அது. சரித்திரப் புத்தகங்களில் அவன் பேர் இல்லை.

ஆனாலும் தொண்டைமான் கட்சி மாறவில்லை. வந்த படை அதிக நாள் தங்க முடியாமல் தஞ்சாவூர்ப் பக்கம் போயிற்று. கோவிலடியில் காவிரிக் கரையை உடைத்தது. அதற்குப் பிறகுதான் தஞ்சை மன்னரின் தயக்கம் தீர்ந்தது. லாரன்ஸின் படை தொண்டைமான் காட்டு வழியாகவே தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தது.

அதே 1754-ல் டூப்ளேயைப் பிரான்சு திரும்ப அழைத்துக்கொண்டது. அக்டோபர் மாதம் சண்டை நிறுத்தம் ஏற்பட்டது. திருச்சி விழவே இல்லை.

கீழாநிலைத் தகராறு

சண்டை ஓய்ந்த பிறகும் மன்னருக்கு நிம்மதி இல்லை.

அறந்தாங்கியைப் பிடிக்கத் தஞ்சைத் தளபதி மானோஜி ஒரு சமயம் தொண்டைமானின் உதவியைக் கேட்டிருந்தார். அதற்குப் பதிலாகக் கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த ஊர்களையும் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். உதவி கிடைத்தது. தஞ்சை மன்னரோ அந்த ஒப்பந்தம் செல்லாது என்றார். தஞ்சாவூர்ப் படை மறுபடியும் புதுக்கோட்டைமேல் கிளம்பியது.

இரண்டு பேரும் ஆங்கிலேயருக்கு வேண்டியவர்கள். ஆங்கிலேயர் நடுவில் புகுந்து சமாதானம் பேசினார்கள்.

இது சின்ன விஷயம்போலத் தெரியலாம். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்னால் சோற்றுக்குக் கையேந்தி நின்றவர்கள், இப்போது இரண்டு மன்னர்களுக்குப் பஞ்சாயத்துச் செய்கிறார்கள். காலம் மாறத் தொடங்கிவிட்டது.

1763-ம் ஆண்டு மதுரையில் கான்சாகிப் என்ற யூசுப்கான் நவாபுக்கும் கும்பினிக்கும் எதிராகக் கிளம்பினார். ஒரு காலத்தில் திருச்சிப் போரில் ஆங்கிலேயருக்காக உழைத்த அதே வீரர்தான் அவர். அந்தப் போரிலும் தொண்டைமான் தம் நண்பர்களுக்கே உதவினார். 1764 அக்டோபரில் யூசுப்கான் தூக்கில் இடப்பட்டார்.

சுமார் 39 ஆண்டுகள் ஆண்ட விஜயரகுநாத ராய தொண்டைமான், 1769 டிசம்பர் 28-ந்தேதி காலமானார். மகன் ராயரகுநாத தொண்டைமான் பட்டத்துக்கு வந்தார்.

நட்பின் பலன்

அவர் எடுத்த முடிவால் கிடைத்த பலன் என்ன?

தஞ்சாவூரின் நிர்வாகம் 1799-ல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1801-ல் ஆற்காட்டு நவாபின் நாடும் போயிற்று. முகமது அலியைக் காப்பாற்ற வந்தவர்களே அவருடைய வாரிசிடமிருந்து நாட்டை எடுத்துக்கொண்டார்கள். ராமநாதபுரமும் சிவகங்கையும் வெறும் ஜமீன்கள் ஆயின. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டம் ஆயிற்று.

புதுக்கோட்டை மட்டும் தனி அரசாக நின்றது. கப்பம் கட்டாத அரசாக நின்றது. பழைய கீழாநிலையும் 1803-ல் தொண்டைமான் குடும்பத்துக்கே கிடைத்தது. அதற்கு ஆண்டுக்கு ஒரு யானை கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை. ஆனால் அந்த யானையை ஆங்கிலேயர் கேட்டு வாங்கியதே இல்லை.

1948 மார்ச் 3-ந்தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் சுதந்திர இந்தியாவோடு இணைந்தது. அதுவரை தொண்டைமான் வம்சம் ஆண்டது. 1974-ல் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆயிற்று.

நட்பின் விலை

பலனைச் சொன்னால் போதாது. விலையையும் சொல்ல வேண்டும்.

விஜயரகுநாதர் நட்புக் கொண்டபோது ஆங்கிலேயர்கள் உதவி கேட்டு வந்தவர்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் காலத்தில் அவர்களே எஜமானர்கள் ஆகிவிட்டார்கள். நண்பனிடம் மறுத்துப் பேசலாம். எஜமானிடம் முடியாது.

1799-ம் ஆண்டு வீரபாண்டிய கட்டபொம்மன் புதுக்கோட்டைக் காட்டுக்குள் ஒளிந்திருந்தார். அப்போது ஆண்ட தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16-ந்தேதி கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கில் இடப்பட்டார். அந்தப் பழி இன்றளவும் பேசப்படுகிறது.

1807-க்குப் பிறகு சிறு வயது மன்னர்கள் பட்டத்துக்கு வந்தார்கள். தஞ்சாவூரில் இருந்த ஆங்கிலேய ரெசிடெண்டு புதுக்கோட்டை நிர்வாகத்தைக் கவனித்தார். நாடு தொண்டைமானுடையது. கடிவாளம் ஆங்கிலேயனுடையது.

இதற்கெல்லாம் விஜயரகுநாதரைக் குறை சொல்ல முடியுமா? அவர் கண் முன்னால் இருந்தது ஒரே கேள்விதான். தம் சின்னச் சீமையைப் பெரிய கைகளிடமிருந்து காப்பாற்றுவது எப்படி என்பதுதான் அது. அதற்கு அவர் விடை கண்டார். அந்த விடையே பேரப்பிள்ளைகளுக்கு விலங்காகும் என்பது அவருக்குத் தெரியாது.

தொண்டைமான் காடு இன்று பெரும்பாலும் வயலாகவும் ஊராகவும் மாறிவிட்டது. புதுக்கோட்டையிலிருந்து புறப்படும் பஸ் ஒரு சில மணி நேரத்துக்குள் திருச்சிக்குப் போய்விடுகிறது. அந்தப் பாதையில்தான் ஒரு காலத்தில் குடியானவர்கள் மூக்கைப் பணயம் வைத்து, உயிரைப் பணயம் வைத்து, மாடுகளை ஓட்டிக்கொண்டு இருட்டில் நடந்தார்கள்.

திருச்சியைக் காப்பாற்றியவர்கள் என்று லாரன்ஸின் பேரையும் கிளைவின் பேரையும் சரித்திரம் சொல்கிறது. அவர்களுக்குச் சோறு போட்டது புதுக்கோட்டைக் குளத்து நெல்.